தீவாந்தரம் போன என் மாமனாருக்குப் பேர் வைத்த நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. செம்பட்டியில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தேன், அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் பென்சிலைப் பிடித்தது பலசரக்குக் கடைக்குச் சீட்டு எழுதத்தான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பாதி மறந்தும் போச்சு. நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். தாளில் எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் அத்தை என்று என் மருமகள் சொன்னாள். அவள் டீச்சர். அந்த ஒரு தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தப்பிருந்தால் சிரிக்காமல் படியுங்கள்.

நான் சொல்லப்போவது என் மாமனாரைப் பற்றி. அவர் அந்தமானுக்குப் போய்க் கைதியாக இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் கொலைக் கேசில் தூக்குத் தப்பினால் சிலரைக் கப்பலேற்றி அந்தத் தீவுக்கு அனுப்புவார்கள். தீவாந்தரம் என்று அதற்குப் பேர். தீவாந்தரம் போனவன் பொண்டாட்டி என்றால் மற்ற பொம்பளைகள் பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்வார்களாம். என் அத்தை, அதாவது என் மாமியார், அப்படி ஒரு பொண்டாட்டி.

எனக்குப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் "இருக்காரு" என்றார். இன்னொருவர் அதே நேரத்தில் "இல்ல" என்றார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என் அப்பா சிரித்துவிட்டார். ரெண்டுமே உண்மை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் தாடிக்கொம்புக்கு வடக்கே, குடகனாற்றை ஒட்டி இருக்கிறது. மாமாவுக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் ஒரே பங்குக் கிணறு. கமலை கட்டித் தண்ணீர் இறைக்கிற காலம். இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை. மழை இல்லாத ஒரு வருசம், முறை யாருடையது என்று சண்டை வந்தது. அண்ணன் மண்வெட்டியை ஓங்கினார். தம்பி கையில் அரிவாள் இருந்தது. அண்ணன் கிணற்று மேட்டிலேயே செத்துப்போனார். மாமா ஓடவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாராம். அப்போது அத்தைக்குக் கல்யாணமாகி ஒரு பொங்கல்தான் முடிந்திருந்தது.

அப்புறம் கேசு, மதுரை ஜெயில், கப்பல். சில வருசம் கழித்து பெரிய சண்டை வந்தது. அந்தமானைச் சப்பான்காரன் பிடித்துக்கொண்டான், கைதிகள் ஒருத்தர்கூட உயிரோடு இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. திண்டுக்கல்லில் போய் விசாரித்தால் எந்த ஆபீசிலும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் வைக்கோலால் ஒரு உருவம் செய்து வைத்துக் கருமாதி பண்ணிவிட்டார்கள். அத்தையின் தாலியை இறக்கி வெள்ளைச் சேலை கொடுத்தார்கள்.

அடுத்த வருசமே மாமா நடந்து வந்து சேர்ந்தார்.

அத்தை களத்தில் உட்கார்ந்து நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாராம். எலும்பும் தோலுமாக ஒரு ஆள் வந்து எதிரில் நின்றது. அத்தை நிமிர்ந்தார். அவர் அத்தையின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குத்தேன்" என்றாராம் அத்தை.

இதை அத்தை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். முடிக்கும்போது முந்தானை கண்ணுக்குப் போய்விடும்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கருமாதி செய்த ஆள் வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் அவர் மறுபடி பிறந்ததாகக் கணக்காக வேண்டும். பச்சைப் பிள்ளைக்குச் செய்வதுபோல நாலு பேர் முன்னால் காதில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கப்புறம் உள்ளே வரலாம், பொண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டலாம். பெரிய செலவில்லை, பெரிய சங்கடமும் இல்லை. ஒரு காலை நேரத்து வேலை.

மாமா மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏம்ப்பா?" என்று கேட்டதற்கு, "வயசான கழுதைக்குத் தொட்டில் எதுக்கு" என்று மட்டும் சொன்னாராம். சொல்லிவிட்டுக் கிணற்றடித் தென்னந்தோப்பில் ஒரு கூரையைப் போட்டுக்கொண்டு தங்கிவிட்டார். வீட்டுக்கும் தோப்புக்கும் கூப்பிடு தூரம்தான். அத்தை வெள்ளைச் சேலையோடு காலையும் மாலையும் சோறு கொண்டுபோனார். ரெண்டு வருசம் போவதற்குள் என் வீட்டுக்காரர் பிறந்தார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். குழாயடி மாதிரி அப்போது கிணற்றடி. ஒருத்தி அத்தையின் வயிற்றைப் பார்த்து, "தாலி இல்லாமலே ஏறுதாக்கும்" என்றாளாம். அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, "தோப்புல ஒரு பொணம் கெடக்கு. அதுதேன் குடுத்துச்சு. சந்தேகமா இருந்தா போயி கேளுடி, பேசும்" என்றாராம். 

அத்தை அப்படி. நான் அதற்கு நேர் எதிர்.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா ஸ்தானத்தில் நின்றது சித்தப்பாவும் சித்தியும். அத்தை சமையல்கட்டைவிட்டு வெளியே வரவில்லை. கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு மனிதர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஊர்வலம் அவரைத் தாண்டும்போது எழுந்து நின்றார். கையை ரெண்டு பக்கமும் ஒட்டிவைத்து, போலீஸ்காரன் முன்னால் நிற்பதுபோல நின்றார். அவர்தான் என் மாமனார் என்று என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார்.

அத்தைக்கு முழங்கால் வலி வந்ததும் சோறு கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது. முதல் நாள் தூக்குவாளியைக் கையில் கொடுத்து, "ஆத்தா, வச்சுட்டு உடனே வந்துறாத. ம்முன்னு ஒரு சத்தம் குடு. இல்லன்னா சோறு ஆறிப்போயி கெடக்கும், கை வைக்க மாட்டாரு" என்றார். ஜெயிலில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாகக் குந்தியிருப்பார்களாம். காவல்காரன் குரல் கொடுத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். வந்து இத்தனை வருசமாகியும் அந்தப் பழக்கம் மாமாவை விடவில்லை.

மாமனார் முன்னால் போய் "ம்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழுமா? தூக்கை வைத்துவிட்டு ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்தே இருக்கிறார். ரசத்தில் ஈ விழுந்துவிடுமே என்று எனக்குப் பதைப்பு. கடைசியில் கையை உதறினேன். கண்ணாடி வளையல் கலகலவென்றது. அவர் உடனே சோற்றில் கை வைத்தார். அன்றிலிருந்து எங்கள் ரெண்டு பேருக்கும் அதுதான் பாஷை. வளையல் சத்தம் கேட்டால் சாப்பிடுவார்.

அவருக்கும் என்னளவு கூச்சம். என்னைப் பார்த்துப் பேச மாட்டார். தென்னைமரத்தைப் பார்த்துப் பேசுவார். நான் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்வேன். அப்படித்தான் அந்தமானை நான் பார்த்தேன்.

"இந்தா இருக்கே மட்டை, இதத்தேன் அங்க அடிச்சோம்" என்று ஒரு தேங்காய் மட்டையைக் காலால் தள்ளிக்காட்டினார் ஒருநாள். ஜெயிலுக்குள் இருந்தவரைக்கும் ஊறிய மட்டையைக் கட்டையால் அடித்து நார் எடுக்கிற வேலை. கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, அதற்கப்புறம் காய்த்துப்போய்விடுமாம். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். ஆமை முதுகு மாதிரி இருந்தது. அங்கிருந்து வந்த மனிதர் தென்னந்தோப்பிலேயே வந்து குடியிருந்தது ஏன் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "மரம் என்ன பண்ணும் ஆத்தா. அங்கயும் இதே மரம்தான். ராத்திரிக் காத்துக்கு இதே சத்தம்தான். கண்ண மூடுனா ஊருக்கு வந்துருவேன். இங்க வந்த பெறகு கண்ண மூடுனா அங்க போயிர்றேன்."

மழையைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் ஏறும். எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் நாலு தூறல் விழுந்தால் பெரிசு. அங்கே வைகாசியில் பிடித்தால் கார்த்திகை வரைக்கும் விடாதாம். "அம்புட்டுத் தண்ணி ஆத்தா. மேல தண்ணி, சுத்தித் தண்ணி. ஒரு மொறத் தண்ணிக்கு அண்ணனை வெட்டுனவனக் கொண்டுபோயி தண்ணிக்கு நடுவுல ஒக்கார வச்சான் பாரு." 

சில வருசம் ஒழுங்காக இருந்தால் ஜெயிலைவிட்டு வெளியே விடுவார்களாம். அதற்கு டிக்கெட்டு என்று பேர். மாமாவுக்கும் டிக்கெட்டு கிடைத்தது. காட்டில் மரம் வெட்டி யானையால் இழுக்கிற வேலை, அப்புறம் ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கலாம். கூட இருந்தவர்களில் பஞ்சாபி உண்டு, பர்மாக்காரன் உண்டு, மலையாளத்து முஸ்லிம் மாப்பிள்ளைமார் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இந்தி. மாமா இந்தியில் திட்டுவது மட்டும் எங்கள் ஊர் மாடுகளுக்குக்கூடத் தெரியும். கத்திரி நன்றாக வந்ததாம், அவரை கொடி பிடித்துக் கூரைமேல் ஏறியதாம், வெங்காயம்தான் மழையில் அழுகிப்போய்விடுமாம். "நம்ம வெங்காயத்துக்கு அந்த மண்ணு பிடிக்கல" என்பார். வெங்காயத்துக்காக வருத்தப்படுகிற மாதிரி இருக்கும்.

டிக்கெட்டுக்காரன் பொண்டாட்டியை வரவழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்ததாம். மாமா கேட்டிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் அத்தையின் அப்பாவைக் கூப்பிட்டு, மகளை அனுப்புகிறாயா என்று விசாரித்திருக்கிறார்கள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அத்தைக்கு அந்த விஷயமே வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். இதைப் பேசினால் அத்தைக்குக் கடைசிவரைக்கும் கோபம் வரும். "நான் போயிருப்பேன்டி. கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே போயிருப்பேன். என்னைய எவன் கேட்டான்?" என்பார்.

சப்பான்காரன் காலத்தைப் பற்றி மாமா அதிகம் சொன்னதில்லை. பசி என்று ஒரு வார்த்தை. பப்பாளித் தண்டை அவித்துத் தின்றோம் என்றார் ஒருதடவை. அவருடைய பர்மாக்காரச் சிநேகிதன் அந்தப் பசியில் போனான். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், இருந்தவர்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

கழுத்தில் ஒரு மரக்கட்டை தொங்கும் என்றும் சொல்லுவார். அதில் நம்பர் வெட்டியிருக்குமாம். அதைக் கேட்ட அன்றைக்கு அத்தையும் என்கூடத் தோப்புக்கு வந்திருந்தார். "பாத்தியாடி, என் கழுத்துல இருந்தத ஊர்க்காரன் அறுத்தான். இவுக கழுத்துல சர்க்காரே கட்டி அழகு பாத்துருக்கு. ராசிக்காரக் கழுத்து" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் அத்தையின் ஏக்கம் என்று எனக்குத் தெரியும். புருசன் கண்ணுக்கு எதிரில் இருக்கிறார், தலையில் பூ வைக்க முடியாது. என் வளைகாப்புக்கு வந்தவர்களுக்குச் சந்தனம் குங்குமம் கொடுக்கும்போது தட்டு தன் பக்கம் வருவதற்குள் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.  அன்று சாயங்காலம் சோறு கொண்டுபோனபோது, எங்கிருந்து தைரியம் வந்ததோ, மரத்துக்குப் பின்னாலிருந்தே கேட்டேன்.

"மாமா, பிள்ள பொறந்தா உள்ள வந்து பாப்பீகளா?"

என் குரலை அவர் கேட்டதே அன்றைக்குத்தான். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். தப்பாகக் கேட்டுவிட்டோமே என்று மரத்தோடு ஒட்டிக்கொண்டேன்.

மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க பாரு ஆத்தா. மதினி காடு."

விளைநிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். தோப்புக்கு அடுத்து இருப்பது கிணற்று மேட்டில் செத்துப்போனவருடைய நிலம். அவருடைய மனைவி இன்னும் அதில்தான் வெள்ளாமை செய்துகொண்டிருந்தார். மாமாவுக்கு மதினி, எனக்குப் பெரியத்தை முறை. ஒரே மகளை ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் மாமா திரும்பி வந்த நாளிலிருந்து அந்தக் காட்டில் தண்ணீர் நிறைந்த பிறகுதான் தன் வாய்க்கால் மடையைத் திறப்பார். முறை தன்னுடையதாக இருந்தாலும் அப்படித்தான். மோட்டார் வந்த பிறகும் அப்படித்தான். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

"அவுக கழுத்த வெறுங்கழுத்தா ஆக்குனது நானு. அவுக அதோட களை எடுத்துக்கிட்டு இருக்கையில, நான் என் பொண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டி, மேளத்தோட வீட்டுக்குள்ள போயி ஒக்காரணுமா? தொட்டிலுக்குக் கூச்சப்பட்டு வரலைன்னு ஊரு நெனைக்குது. நெனைக்கட்டும்."

அவ்வளவுதான். நான் வளையலை ஆட்டினேன். அவர் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தை ஆட்டுரலில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார். மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். குழவி நின்றது. அத்தை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இத ஏன் என்கிட்ட சொல்லல அந்த மனுசன்" என்றார் மெதுவாக. அப்புறம் மறுபடி ஆட்ட ஆரம்பித்தார். மாவு பொங்கிப் பொங்கி ஆட்டுரலைவிட்டு வழிந்தது. அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு அத்தை பெரியத்தை வீட்டுக்குப் போனார். அத்தனை வருசத்தில் முதல் தடவை. உச்சி வெயிலுக்குத்தான் திரும்பினார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. "ஒக்காரச் சொல்லல. நின்னுக்கிட்டேதான் பேசினேன். வைய வேண்டியதெல்லாம் வஞ்சாக. வாங்கிக்கிட்டேன். அப்புறம் மோர் குடுத்தாக" என்றார். 

ஆவணியில் எனக்கு ஆண்பிள்ளை பிறந்தான். எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தான் வைக்க வேண்டும். அது எப்போதும் உள்ள வழக்கம். தாத்தா மடியில் பிள்ளையை வைத்து, அப்பாவுடன் பிறந்த பெண் யாராவது காதில் மூன்று தடவை பேர் கூப்பிட வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அப்படி யாரும் இல்லையென்றால் பங்காளி வீட்டில் மூத்த பெண் கூப்பிடலாம்.

அத்தை பேர் வைக்கிற சடங்கை வீட்டுக்குள் வைக்கவில்லை. வாசலில் பந்தல் போடச் சொன்னார். நிலைப்படிக்கு வெளியே என்றால் மாமா வருவதற்குத் தடையில்லை. "பிள்ளைய மடியில வச்சுக்க ஆளில்ல, வந்துட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். மாமா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்து பந்தலின் ஓரத்தில் குத்தவைத்தார். சம்மணம் போடச் சொல்லி மடியில் பிள்ளையைக் கொடுத்தோம். பிள்ளை கனம் ரெண்டு தேங்காய்தான் இருக்கும். அதற்கு அவர் ரெண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பெரியத்தை பந்தலுக்குள் வந்தார்.

 அடுப்படியில் கரண்டி சத்தம்கூட நின்றுபோனது மாதிரி எனக்கு ஞாபகம். பெரியத்தை ஒல்லியாக, கறுப்பாக, நல்ல உயரம். நேராக மாமாவிடம் வந்தார். மாமா எழுந்திருக்கப் பார்த்தார், மடியில் பிள்ளை. எழ முடியவில்லை.

"மதினி" என்றார்.

"பேசாம இரு" என்றார் பெரியத்தை.

குனிந்து பிள்ளையின் காதில் வெற்றிலையை வைத்து மறைத்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை. அவர் கூப்பிட வேண்டியது தன் புருசனை வெட்டியவருடைய பேரை.  ஒருவேளை எழுந்து போய்விடுவாரோ என்று அத்தையைப் பார்த்தேன். அத்தை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இம்புட்டு வருசமா இந்தப் பேரச் சொல்லி வஞ்சுக்கிட்டுத்தேன் இருந்தேன்" என்றார் பெரியத்தை, யாரிடம் என்று இல்லாமல். "இன்னிக்குத்தேன் கூப்புடப்போறேன்."

கூப்பிட்டார். ஊருக்கே கேட்கிற மாதிரி மூன்று தடவை. காதில் ரகசியம் சொல்கிற குரல் இல்லை அது. காட்டில் தூரத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல். பிள்ளை பதறி அழ ஆரம்பித்தது. மாமாவும் அழுதார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அத்தை ஊர்ப் பெரியவர்கள் பக்கம் திரும்பி, "கூப்புட்டது ஒரு பேரு. கேட்டது ரெண்டு ஆளு. நாலு பேரு முன்னால கூப்புட்டாச்சு. கணக்கு சரிதானா, சொல்லுங்க" என்றார்.

பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அதில் ரொம்ப வயசானவர், கருமாதி அன்றைக்கு முன்னால் நின்று நடத்தியவர், பொக்கைவாயைத் திறந்து சிரித்தார். "சரிதேன் ஆத்தா. நல்ல வளந்த பிள்ளையாத்தேன் பொறந்துருக்கு" என்றார். பந்தலே சிரித்தது. பெரியத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அத்தை மாமாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். பிள்ளையோடு அவர் நிலைப்படியில் கால் வைத்து நின்றுகொண்டே இருந்தார். "தலைய குனிங்க, நெல இடிக்கும்" என்றார் அத்தை. குனிந்து உள்ளே போனார்.

விருந்துக்கு முதல் பந்தியிலேயே மாமாவை உட்கார வைத்தார்கள். இலையில் சோறு, சாம்பார், ரெண்டு வெஞ்சனம், பாயசம் எல்லாம் வைத்தாகிவிட்டது. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாமா இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியும் ஏன் என்று. நான் உள்ளறையில் பச்சைப்பிள்ளையோடு இருந்தேன். இங்கிருந்து வளையலை ஆட்டினேன், அந்தக் கூச்சலில் அது எங்கே கேட்கும்? அத்தை அடுப்படியில் இருந்தார். பாயசம் ஆடை கட்டுகிறது.

கதவோரத்தில் நின்றுகொண்டிருந்த பெரியத்தை இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏன், ஊட்டி விடணுமாக்கும்? சாப்புடு" என்றார்.

மாமா சாப்பிட்டார்.

பெரியத்தை சாப்பிடவில்லை. கிளம்பும்போது என் பக்கம் வந்து பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. இவனுக்காகத்தேன் வந்தேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். 

அந்த மாசமே தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் மாமா அத்தைக்குத் தாலி கட்டினார். நாங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் போனோம். தலை நரைத்த மணப்பெண் மஞ்சள் சேலையில் வெட்கப்பட்டதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பு, ஒங்கப்பா கல்யாணத்துக்கு வந்திருக்க, ஒழுங்கா நில்லு" என்று அத்தை அதட்டினார். அம்மா அப்பா கல்யாணத்தைப் பார்த்த பிள்ளை எங்கள் ஊரில் அவர் ஒருத்தர்தான். ரொம்ப நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் வந்த பிறகும் மாமா பாதி நாள் தோப்பில்தான் படுப்பார். காற்றுச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்பார். மடையும் பழையபடிதான். பெரியத்தை காடு நிறைந்த பிறகுதான் எங்கள் காடு. ஒரு மாற்றம் மட்டும் வந்தது. தண்ணீர் போதும் என்றால் பெரியத்தை வரப்பிலிருந்தே "போதும், திருப்பு" என்று ஒரு குரல் கொடுப்பார். அதற்கு முன்னால் எல்லாம் அதுவும் கிடையாது.

அத்தைதான் முதலில் போனார். நெற்றி நிறையக் குங்குமம், தலை கொள்ளாத மல்லிகை. நிலக்கோட்டைப் பூவாக வாங்கிவரச் சொல்லி மாமாவே ஆள் அனுப்பினார். குளிப்பாட்டி உட்கார வைத்தபோது வந்திருந்த பெண்கள் எல்லாம் அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் தட்டு வருவதற்குள் எழுந்து போனவர், அன்று எல்லோருக்கும் தான் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா தள்ளி நின்று அதைப் பார்த்தார். "கேட்டது கெடச்சுருச்சு ஒனக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் சொன்னது எனக்கு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குச் சோறு வைத்தேன். வளையலை ஆட்ட வேண்டாமென்று, கூச்சத்தை விட்டுவிட்டு, "மாமா, சாப்புடுங்க" என்று வாயால் சொன்னேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

இதைத் தட்டச்சு செய்கிற என் மருமகளுக்கு ஒரு வேலை வைக்கிறேன். கைதிக்குக் கழுத்தில் கட்டை கட்டுகிற வழக்கம் மாமா போவதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று நீ எங்கோ படித்ததாகச் சொன்னாய். அவர் தான் போட்டதைச் சொன்னாரா, பழைய ஆட்கள் சொன்னதைச் சொன்னாரா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. கப்பல் பேர் சொன்னார், அதுவும் மறந்துபோச்சு. மழை வைகாசியில் பிடிக்குமா ஆனியிலா? பொண்டாட்டியை வரவழைக்கிற சட்டம் நிஜமாகவே இருந்ததா? தெரிந்த யாரிடமாவது கேட்டுத் தப்பைத் திருத்திவிடு. அத்தை கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போயிருப்பேன் என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதை மாற்றாதே.